வீட்டுக்குள் கேபிளும் வைஃபையும்: கொங்கு நாட்டு வீடுகளுக்கு ஒரு செய்முறை

வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர், இழை உள்ளே நுழைகிற இடத்திலேயே, பெரும்பாலும் வாசலை ஒட்டிய சுவரில், ஒரு பெட்டியைப் பொருத்தி, அதன் அடியில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெட்டி மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது, ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து தருகிறது (இதைச் செய்வதற்குத்தான் ரௌட்டர் என்று பெயர்), வைஃபையையும் பரப்புகிறது. முதல் இரண்டு வேலைகளுக்கும் அது எந்த மூலையில் இருந்தாலும் ஒன்றுதான். மூன்றாவது வேலைக்கு இடம் மிக முக்கியம். வாசல் சுவரோ அதற்குச் சற்றும் பொருந்தாத இடம், ஏனெனில் பரவும் அலையில் ஒரு பெரும் பகுதி தெருவுக்கே போய்விடுகிறது. மாடி அறையில் படம் உறைந்து நிற்கும்போது வேகமான திட்டத்துக்கு மாறிப் பணத்தைக் கூட்டிக் கட்டுபவர்கள் உண்டு. வாசலில் 100 மெகாபிட் வந்து மாடியில் 8 மெகாபிட் கிடைக்கிற வீட்டில், 300 மெகாபிட் திட்டம் வாங்கினாலும் அந்த 300 வாசலில்தான் கிடைக்கும்.

இடம் மாறாத கருவிகளுக்கெல்லாம் கேபிள், கையோடு திரியும் கருவிகளுக்கு மட்டும் வைஃபை என்று பிரித்துக்கொள்வதே சரியான ஏற்பாடு. தொலைக்காட்சி, மேசைக் கணினி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி ஆகியவை வைத்த இடத்திலேயே இருப்பவை. வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்டும் சுவரிலோ கூரையிலோ அசையாமல் இருப்பதுதான் என்பதால், அதற்கும் கேபிள்தான் போக வேண்டும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை தம் முறைக்குக் காத்திருக்கும். நாள் முழுவதும் படம் அனுப்பும் நான்கு கேமராக்களையும் இரவெல்லாம் ஓடும் தொலைக்காட்சியையும் கேபிளுக்கு மாற்றிவிட்டால், கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் அந்தக் காற்றுவெளி முழுவதும் விடுபடுகிறது.

வீட்டை முதலில் படமாக வரையுங்கள்

ஒரு தாளில் வீட்டின் அமைப்பை வரைந்து, இணைப்பு நுழையும் இடம், இடம் மாறாத கருவிகள், ஆட்கள் அமர்ந்து வேலை செய்யும் இடங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுவர்களின் தன்மையையும் எழுதிக்கொள்வது நல்லது. கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் எழுந்திருக்கும் மாடி வீடுகளில் செங்கல் சுவரை அலை ஓரளவு கடந்துவிடும். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைக் கடப்பதுதான் கடினம். ஆகவே தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி தடிமன் இருக்கும் என்றாலும், நடுவிலுள்ள திறந்த முற்றம் பெரிய உதவி: அந்த முற்றத்தைப் பார்த்தபடி, அதை ஒட்டிய கூடமான ஆசாரத்தில் பொருத்தினால், சுற்றியுள்ள அறைகளுக்குக் கதவு, சன்னல் வழியாகவே அலை போய்ச் சேரும். இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலையை மறிப்பவை. அவற்றுக்குப் பின்னால் எதையும் வைக்கக் கூடாது.

பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓடும் இடங்களிலும், திருப்பூரில் கீழ்த்தளத்தில் தையல் எந்திரங்கள் ஓடும் வீடுகளிலும் பஞ்சுத் தூசியே முதல் எதிரி. காற்றுத் துளைகள் அடைபட்ட ரௌட்டர் சூடேறி அடிக்கடி நின்றுபோகும். அங்கே பெட்டிகளைத் தறிக்கூடத்தில் வைக்காமல் வீட்டுப் பகுதியில் வைத்து, கேபிளை மட்டும் உள்ளே கொண்டுபோவது நல்லது. அதிர்வில் பிளக்குகள் மெல்ல மெல்லக் கழன்று வருவதும் அங்கே வழக்கம் என்பதால், கேபிளைச் சுவரில் கிளிப் அடித்து நிறுத்த வேண்டும்.

கேபிள் வாங்குதல்

இன்று புதிதாக இழுப்பவர்களுக்குக் கேட் 6 (Cat 6) என்ற வகை நெட்வொர்க் கேபிள் போதும். அது 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட்டையும், ஏறக்குறைய 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டையும் தாங்கும். ஏற்கெனவே சுவருக்குள் கேட் 5இ ஓடுகிறது என்றால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. அதுவும் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தரும். கேட் 7, கேட் 8 என்று எழுதிய தட்டைக் கேபிள்களைப் பெயரைப் பார்த்து வாங்குவது வீண் செலவு.

எண்ணைவிட உலோகம் முக்கியம். மலிவாகக் கிடைக்கும் சுருள்களில் பல, அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியவை. கடையிலேயே ஒரு முனையை உரித்து, கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். அது எளிதில் ஒடியும், நீண்ட தொலைவில் தடுமாறும், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் ஏற்பாட்டில் சூடேறும். சுவருக்குள் போவதற்கு ஒற்றைக் கம்பி வகையும், சுவர்ப் பெட்டியிலிருந்து கருவி வரையுள்ள குறுகிய தூரத்துக்குப் பல இழைகள் முறுக்கிய ஆயத்த வகையும் வேண்டும். மொட்டை மாடி, வெளிச்சுவர் போன்ற இடங்களுக்கு வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகைதான் சரி. உள்ளறைக்கான சாம்பல் நிறக் கேபிள் சில கோடைகளில் வெடித்துவிடும்.

கேபிள் தவிர, ஒரு கேபிளில் வரும் இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும், ஐந்து அல்லது எட்டுத் துளைகள் கொண்ட ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட், சுவர்ப் பெட்டிகள், கேபிள் முனையில் போடும் ஆர்ஜே-45 பிளக்குகள், அவற்றை இறுக்கும் கிரிம்பிங் கருவி, கேபிள் டெஸ்டர் ஆகியவை தேவை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். அதன் துளைகள் 100 மெகாபிட்டா ஜிகாபிட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தையும் கேபிளிலேயே அனுப்பும் பிஓஇ வகை ஸ்விட்ச் வாங்க முடிந்தால் கூடுதல் செலவுக்குத் தக்க பலன் உண்டு, ஏனெனில் கூரையில் பொருத்தும் ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தனியாகப் பிளக் பாயின்ட் வைக்க வேண்டியிராது.

இழுத்தலும் முனை கட்டுதலும்

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே நெட்வொர்க்குக்கென்று தனிக் குழாய் பதிக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகக் கூறிவிட வேண்டும். மின் கம்பி போகும் குழாயிலேயே இதையும் திணித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதுகாப்புக்கும் நல்லதன்று, சமிக்ஞைக்கும் நல்லதன்று. மின் கம்பிக்கு இணையாக ஓடும் இடத்தில் ஓரடி இடைவெளி விட வேண்டும். குறுக்கிட்டே தீர வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கேபிள் இழுத்துவிடுவது என் வழக்கம். கேபிளின் விலையைவிட, பின்னாளில் சுவரை உடைத்துப் பூசும் கூலி மிக அதிகம்.

கட்டி முடித்த வீடுகளில், பழைய கேபிள் டிவிக்கென்று பதித்த குழாய் பெரும்பாலும் மாடி வரை போயிருக்கும். உள்ளே கிடக்கும் பழைய கேபிளின் முனையில் புதியதை நன்றாகக் கட்டி, ஒருவர் இழுக்க மற்றொருவர் ஊட்ட, மெதுவாக மாற்றிவிடலாம். குழாய் இல்லையென்றால் சுவரோரமாகக் கேசிங் பட்டை அடிக்கலாம். வளைவுகளைக் கூர்மையாக மடிக்காமல், ஓர் அங்குல ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். எல்லாக் கேபிளும் ரௌட்டர் இருக்கும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிட வேண்டும். இதை ஒட்டாமல் விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முனையில் எட்டுக் கம்பிகளை அடுக்கும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568பி என்று பெயர் பெற்ற இந்த வரிசையை இரு முனைகளிலும் மாறாமல் வைக்க வேண்டும். பிளக்கின் பூட்டு நாக்கு கீழ்ப்பக்கமும், செம்பு முனைகள் மேலே உங்களுக்கு எதிர்ப்புறமும் இருக்குமாறு பிடித்தால், முதல் கம்பி இடப்பக்கம் வரும். இணை இணையாக முறுக்கியிருக்கும் கம்பிகளை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஏனெனில் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தள்ளுவது அந்த முறுக்குத்தான். சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பிக் கேபிளை நேரே பிளக்கில் முடிப்பதைவிட, கடைக்காரர்கள் ஐஓ என்று சொல்லும் சுவர்ப் பெட்டியில் முடித்து, அங்கிருந்து ஆயத்தக் கேபிள் போட்டுக்கொள்வது நெடுநாள் உழைக்கும்.

ரௌட்டர் ஒன்றே போதும்

வீட்டில் மற்றக் கருவிகளுக்கு வலை முகவரி (ஐபி எண்) வழங்கும் கருவி ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய ரௌட்டரை இன்டர்நெட் துளை வழியாகப் புதிய ரௌட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகள் உருவாகி, மாடியிலுள்ள கணினிக்குக் கீழேயுள்ள அச்சுப்பொறி தெரியாமல் போய்விடும். இணையம் ஒழுங்காக வரும் என்பதால் பலர் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கத் திணறுகிறார்கள்.

முதன்மை ரௌட்டரின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, டிஎச்சிபி என்ற வசதி தானாக வழங்கும் முகவரிகளை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று வரையறுத்துவிட்டு, 100-க்குக் கீழுள்ள எண்களை இடம் மாறாத கருவிகளுக்கு ஒதுக்கலாம். பழைய ரௌட்டரைக் கணினியோடு தனியாக இணைத்து, அதில் ஆக்சஸ் பாயின்ட் நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, இன்டர்நெட் துளையைத் தொடாமல், லேன் (வீட்டு வலைக்கான) துளையிலிருந்து முதன்மை ரௌட்டரின் லேன் துளைக்கோ ஸ்விட்சுக்கோ கேபிள் போட வேண்டும். ஸ்விட்சைப் பொறுத்தவரை எந்த அமைப்பும் தேவையில்லை. ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. அப்படிச் செருகினால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு வலை முழுவதும் முடங்கிவிடும்.

அதே அமர்வில் பாதுகாப்பையும் முடித்துவிடுங்கள். அமைப்புப் பக்கத்தின் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வைஃபையின் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் ஓட்டை 2011-லேயே வெளிப்பட்டுவிட்டது. அதை அணைத்து வையுங்கள். விருந்தினருக்குத் தனி வைஃபைப் பெயர் கொடுத்தால், கல்யாணச் சீசனில் வந்து போகும் உறவினர் கூட்டம் முழுவதும் உங்கள் கோப்புகள் இருக்கும் வலைக்குள் நுழைய வேண்டியிராது.

வைஃபையைப் பரப்புதல்

ஆக்சஸ் பாயின்ட்டைத் தளத்தின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபைப் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்தால், மாடிப்படி ஏறும்போது கைப்பேசி தானாக அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். சேனல்கள் மட்டும் வெவ்வேறாக இருக்க வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அங்கே சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைப்பது பக்கத்து வீட்டாருக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைக் கடப்பதில் பின்தங்கியது. அதில் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ உள்ள சேனல்களை வைத்தால், இடையிலுள்ள சில சேனல்களைப்போல் ரேடார் சமிக்ஞை தென்பட்டவுடன் விலகிப்போகும் நிலை வராது. அலையின் ஆற்றலை உச்சத்தில் வைக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம்: கீழ்த்தளத்துப் பெட்டி உரக்கப் பேசினால், மாடிக்குப் போன கைப்பேசி அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். நடுத்தர ஆற்றலே பெரும்பாலும் பொருந்துகிறது.

கேபிள் இழுக்கச் சோம்பிப் பிளக் பாயின்ட்டில் மாட்டும் ரிப்பீட்டரை வாங்குவோர் பலர். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு தகவலுக்கும் இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதால், வேகம் பாதியாகிவிடும். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்து, வரும் வழியிலேயே குறைந்துபோகும் தண்ணீரைப் பார்த்துப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் சுவரைத் தொடக் கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டால், தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் மூன்று அலைவரிசை மெஷ் பெட்டிகள் ஏற்கத்தக்க மாற்று. அவற்றையும் கதவுச் சட்டத்தின் ஓரமாக ஒரு மெல்லிய கேபிளால் இணைக்க முடிந்தால், இணைத்துவிடுவதே மேல்.

சாளையிலிருந்து மோட்டார் அறைக்கு

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத் தோட்டங்களில் சாளை என்று சொல்லும் தோட்ட வீடு ஓரிடம், மாடு கட்டும் கட்டுத்தரை ஓரிடம், மோட்டார் அறை மற்றோரிடம் என்று இருக்கும். கேமரா வைப்பதற்கும், மோட்டாரைக் கைப்பேசியில் இயக்குவதற்கும் வலையை அங்கே கொண்டுபோக விரும்புகிறவர்கள் இப்போது மிகுதி. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை மின்னல். இரு கட்டிடங்களுக்கும் எர்த் வெவ்வேறாக இருக்கும்போது அவற்றைச் செம்பால் இணைத்தால், கோடை மழையின்போது அருகில் விழும் ஓர் இடி இரு பக்கக் கருவிகளையும் பொசுக்கிவிடக் கூடும். ஆகவே 40 மீட்டர்தான் என்றாலும், வேறொரு கட்டிடத்துக்குச் செம்புக் கேபிள் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உலோகக் கம்பி கலவாத சிங்கிள் மோடு ஃபைபரும், இரு முனைகளிலும் ஒளியையும் மின் சமிக்ஞையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் ஒரு மீடியா கன்வர்ட்டரும் இதற்குச் சரியான தீர்வு. ஒளி கண்ணாடி வழியே போவதால் மின்னலுக்கு அதில் வழியில்லை; தொலைவும் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். முனைகளைப் பற்றவைக்க, ஃபைபர் வேலை செய்யும் உள்ளூர்க் கேபிள்காரர் போதும். கறுப்பு ஹெச்டிபிஇ குழாய்க்குள் விட்டு, சால் ஓட்டும் ஆழத்துக்குக் கீழே, இரண்டடிக்குக் குறையாமல் புதைக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு வெட்டும் நாளிலேயே இதற்கும் ஓரமாக வெட்டிவிட்டால் கூலி மிச்சம். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டால் அணில் விட்டுவைக்காது.

மண்ணைத் தோண்ட வழியில்லாத இடத்தில், இரு கட்டிடங்களையும் கம்பியில்லாமல் இணைக்க, நேருக்கு நேர் பார்க்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு சோடி வைக்கலாம். இதற்குக் கண்ணுக்கு நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. 200 மீட்டர் தொலைவுக்கு, நடுப்பகுதியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வெளி காலியாக இருக்க வேண்டும். வளர்ந்த தென்னந்தோப்பில் இது நினைப்பதைவிட எளிது. மட்டைகள் எல்லாம் உச்சியில் இருக்கின்றன. 25 அடி இடைவெளியில் நட்ட வரிசைகளுக்கு நடுவே, மர உயரத்தின் பாதிக்கும் கீழே, நீண்ட வெற்றிடம் கிடைக்கிறது. எனவே பிரிட்ஜை ஓட்டின் முகட்டில் ஏற்றி மட்டைகளுக்கு நேரே நிறுத்தாமல், வரிசையின் வாக்கில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பொருத்திப் பார்க்க வேண்டும். இளந்தோப்பில் இந்த வழி கிடையாது. நனைந்த ஓலை அலையை விழுங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றில் மூங்கிலிலும் மெல்லிய குழாயிலும் கட்டிய பிரிட்ஜ் திரும்பிக்கொள்வதால், சுவரிலோ கனத்த இரும்புக் குழாயிலோ திருகி முடுக்க வேண்டும்.

மின்சாரம் போனாலும்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில்தான் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு முக்கியமான கூட்டம் வரும். ஃபைபர் வலையில் தெருவில் தொங்கும் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், நிறுவனத்தின் மையத்தில் மாற்று மின்சாரம் இருக்கும்வரை இணைப்பும் இருக்கும். வீட்டுப் பெட்டிகளை மட்டும் உயிரோடு வைத்திருந்தால் போதும். அதற்கு ஃபைபர் பெட்டி, தனியாக ரௌட்டர் இருந்தால் அது, ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் ஆகிய எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மற்றவை ஓடுவதில் பயனில்லை. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை என்று ஒரு தேர்வு இருக்கும். சாதாரண நிலையில் மாறும் நேரம் சற்று நீள்வதால் ரௌட்டர் அணைந்து மீண்டும் தொடங்கும், யுபிஎஸ் நிலையில் பெரும்பாலும் தாங்கிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளுக்கு ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் உண்டு. அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். போர்வெல் மோட்டார் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து ரௌட்டர் நின்றுபோகும் தோட்ட வீடுகளிலும் இதே சிறிய யுபிஎஸ் அந்தக் குறையைப் போக்கிவிடும்.

சரிபார்த்தல்

எல்லாவற்றையும் இணைத்தபின், முதலில் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசைப்படி எரிகின்றனவா என்று ஒவ்வொரு கேபிளையும் பார்க்க வேண்டும். பிறகு ரௌட்டரோடு கேபிளில் இணைந்த கணினியில் வேகத்தை அளந்து, அது திட்டத்தின் வேகத்தை ஒட்டி வந்தால், நிறுவனத்தின் பக்கம் குறையில்லை என்று கொள்ளலாம். வைஃபையில் மட்டும் அளந்துவிட்டு நிறுவனத்தோடு சண்டைக்குப் போவதில் பொருளில்லை. அடுத்து, கைப்பேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, ஆட்கள் அமரும் இடங்களில் சமிக்ஞை மைனஸ் 67 டிபிஎம் (சமிக்ஞை வலுவின் அலகு) அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, வரைபடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். மைனஸ் 75-க்குக் கீழே போகும் இடத்தில் காணொலிக் கூட்டம் தடுமாறும்.

கடைசியாக, ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் அமைப்பிலும் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், பெரும்பாலும் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை என்று பொருள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகளே போதும் என்பதால் இணையம் ஓடிக்கொண்டேயிருக்கும், குறை வெளியே தெரியாது. அந்த முனையை வெட்டிவிட்டு, புதிய பிளக் போட்டு, மறுபடி டெஸ்டரில் பார்த்துவிட்டு இணைக்க வேண்டும்.